பச்சை அட்டை

அத்தியாயம் பன்னிரண்டு

போன வார இதழ் கைக்கு வராதவர்களுக்காக நாலு வரி. வந்தவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்கா ஒரு பொது அலுவலகம் நடத்துகிறாள். இரண்டாவது மாடியில் நீளமான ஒரே கூடம், பதினெட்டு மேஜைகள். தனி அலுவலகம் வைக்க வழியில்லாதவர்கள், வீட்டில் உட்கார்ந்தால் வேலை ஓடாதவர்கள், ஆளுக்கொரு மேஜையைப் பிடித்துக்கொண்டு அவரவர் பிழைப்பைப் பார்க்கிறார்கள். அங்கே எல்லோருக்கும் அவள் அக்காதான். அவளைவிடப் பத்து வயது மூத்த இன்சூரன்ஸ்காரரும் 'அக்கா' என்றுதான் கூப்பிடுகிறார். அவளும் முறைத்து முறைத்துப் பார்த்துவிட்டு, விட்டுவிட்டாள்.

அவளுடைய தம்பி கட்டட வரைபடம் போடுகிறவன். எட்டு மாதத்துக்கு முன்னால், கட்டிக்கொண்டிருந்த ஒரு கட்டடத்தில் தளம் சரிந்தது. இவன் வெளியே வந்தான். கூட நின்ற சிநேகிதன் வரவில்லை. அன்றிலிருந்து தம்பிக்கு மூடிய கதவு ஆகாது. மாடிப்படி என்றால் நாலாவது படியில் கால் நின்றுவிடும். முன்னால் துரை ஏறினால் மட்டும் பின்னால் ஏறுவான்.

துரை ஒரு நாய். அந்தக் கட்டடத்து மணல் மேட்டில் வளர்ந்தது. ஊரே ஓடி ஓடி வேலை செய்யும்போது தான் மட்டும் காலை நீட்டிப் படுத்திருந்ததால் அந்தப் பெயர். பெயர் வைத்தவனும் தினமும் சாப்பாடு போட்டவனும், அந்த வெளியே வராத சிநேகிதன்தான். அன்றிலிருந்து துரை தம்பி வீட்டில்.

தம்பியை மறுபடி வேலைக்கு இழுக்க வேண்டுமானால் துரையையும் மாடி ஏற்ற வேண்டும். பலர் சேர்ந்து வேலை செய்யும் இடத்தில் நாயா என்று கேட்டவர்களிடம் அக்கா ஒரு வாரம் அவகாசம் வாங்கினாள். திங்கள் முதல் வெள்ளி வரை சோதனை. ஒரு பக்கம் பச்சை, மறுபக்கம் சிவப்பு அடித்த அட்டைகளைத் தானே வெட்டினாள். மேஜையில் பச்சை தெரிந்தால் துரை பக்கத்தில் வரலாம். சிவப்பு தெரிந்தால் தம்பி அதைப் பிடித்துக்கொள்ள வேண்டும். வெள்ளிக்கிழமை நாலு மணிக்குள், பெயர் எழுதாமல் பிஸ்கட் டின்னில் ஆளுக்கொரு சீட்டு: சரி என்றால் டிக், வேண்டாம் என்றால் இன்ட்டு. பதினெட்டில் ஒரே ஒரு 'வேண்டாம்' விழுந்தாலும் திங்கள் முதல் நாய் கிடையாது. யார் போட்டது என்று யாரும் கேட்கக் கூடாது.

"பயப்படுறது ஒண்ணும் குத்தம் இல்லை. அதுக்கு யாரும் காரணம் சொல்லவும் வேண்டாம்" என்று பதினாறு பேரிடமும் மேஜை மேஜையாகப் போய்ச் சொன்னாள். பதினேழாவது மேஜை தம்பியுடையது. பதினெட்டாவது அவள் கணவருடையது. அவர் அன்று அச்சகத்துக்குப் போய்விட்டுத் தாமதமாக வந்தார். நம் வீட்டு மனுஷன்தானே என்று, அவர் மேஜையில் பச்சையை அவளே திருப்பி வைத்துவிட்டாள்.

இன்று வெள்ளிக்கிழமை.

*

காலை ஒன்பதரைக்குப் படியில் நகங்கள் உரசும் சத்தம் கேட்டது. அக்கா கையிலிருந்த சீட்டுக் கட்டை வைத்துவிட்டு வாசலுக்குப் போனாள்.

முதலில் துரையின் மூக்கு வந்தது. பின்னாலேயே தம்பி. நெற்றியில் வியர்வை இருந்தது, ஆனால் நடுவில் எங்கும் நிற்காமல் வந்திருந்தான்.

"எண்ணினியாடா?"

"முப்பத்தாறு படிக்கா. இன்னிக்கு எண்ண மறந்துட்டேன்னு நடுவுல ஞாபகம் வந்துச்சு. அப்புறம் எண்ணினேன்."

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. திங்கட்கிழமை இரண்டு மணி நேரம்தான் தாக்குப்பிடித்தான். புதன்கிழமை முழுநாள் உட்கார்ந்தான். நேற்று இன்சூரன்ஸ்காரர், துரைக்கு ஒரு பாலிசி போடலாமா என்று கேட்டபோது வாய்விட்டுச் சிரித்தான். எட்டு மாதமாக அவள் கேட்காத சிரிப்பு அது. இப்போது அவன் மேஜையில் ஒரு சின்ன மருத்துவமனையின் படிக்கட்டு வரைபடமாக விரிந்திருக்கிறது. படியைக் கண்டு நடுங்கியவன் படி வரைகிறான் என்று அவள் அந்தக் காகிதத்தைத் தினமும் ஒரு தடவை எட்டிப் பார்த்துக்கொள்கிறாள்.

"நாலு மணிக்கு என்ன ஆகும்க்கா?"

"என்ன ஆகும்? துரை திங்கக்கிழமையும் வருவார். நீ போய் வேலையைப் பாரு."

"ஒருத்தர் வேண்டாம்னு சொல்லிட்டா?"

"யாரு சொல்லப்போறா? எல்லா மேஜையிலயும் பச்சைதான் இருக்கு. கண்ணால பாக்குறியே."

அவன் கூடத்தைப் பார்த்தான். பச்சைதான்.

கூடத்துக் கதவை அவனுக்காக ஒரு செங்கல்லை வைத்துத் திறந்தபடியே நிறுத்தியிருந்தார்கள். இருந்தும் தினமும் உள்ளே வரும்போது அவன் பார்வை ஒருமுறை அந்தச் செங்கல்லில் விழும். இன்றும் விழுந்தது.

*

பத்தரை மணிக்கு அச்சகத்திலிருந்து தொலைபேசி. அக்காவின் கணவரைக் கேட்டார்கள்.

அவர் பிழை திருத்துகிறவர். மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைப்பார்களே, பொடி எழுத்துச் சீட்டு, அதெல்லாம் அவர் கண்ணைத் தாண்டித்தான் அச்சுக்குப் போகும். சிவப்புப் பென்சிலும் அவரும் ஒட்டிப் பிறந்தவர்கள். வீட்டில் மளிகைச் சாமான் பட்டியலைக்கூடத் திருத்திவிட்டுத்தான் பையை எடுப்பார்.

தொலைபேசியை வைத்தவர் முகம் வெளுத்திருந்தது.

"என்னங்க?"

"ஒண்ணுமில்லை. ஒரு மாத்திரைச் சீட்டு. சாப்பாட்டுக்குப் பின்னாலன்னு இருக்கணும், முன்னாலன்னு இருந்திருக்கு. நான் பாக்காம விட்டுட்டேன். அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி அவங்களே பாத்துட்டாங்க."

"நீங்களா விட்டீங்க?"

"நான்தான்."

"பன்னெண்டு வருஷத்துல இப்படி நடந்ததே இல்லையே. கவனம் எங்கங்க போச்சு?"

அவர் தம் மேஜைக்குப் போனார். சன்னலோரம் சுவரை ஒட்டியிருந்த மேஜை அது, கூடத்திலேயே குளிர்ச்சியான இடம். துரைக்கும் அது தெரியும். முதல் நாளே அந்த மேஜைக்கடியைத் தன் பெயருக்கு எழுதி வாங்கிக்கொண்டதுபோல் படுத்துவிட்டது. பச்சை அட்டை இருக்கிறதே, யார் தடுப்பார்கள்?

அவர் நாற்காலியில் மெல்ல, ஓரமாக உட்காருவதை அக்கா பார்த்தாள். வாரம் பூராவும் மனுஷன் இப்படித்தான் உட்காருகிறார், நல்ல நாற்காலி ஒன்று வாங்கிப் போட வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள். அதற்குள் யாரோ கூப்பிட்டார்கள்.

பதினொரு மணி வாக்கில் இன்னொன்றையும் பார்த்தாள். துரையைத் தண்ணீருக்கு அழைத்துப் போக வந்த தம்பி, அந்த மேஜைக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். ஏதோ கேட்டான். கணவர் ஏதோ சொன்னார். தம்பி சிரித்தான். பிறகு அவர் மேஜையிலிருந்து ஏதோ எடுத்துக்கொண்டு போனான்.

மாமனும் மச்சானும் ஒட்டிக்கொண்டுவிட்டார்கள் என்று அக்காவின் வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. இந்த எட்டு மாதத்தில் தம்பி வீட்டுக்கு அவர்கள் எத்தனையோ தடவை போயிருக்கிறார்கள். ஒரு தடவைகூட அவர் வாசல் கேட்டைத் தாண்டி உள்ளே வந்ததில்லை. "நீ போயிட்டு வா, நான் இங்கேயே நிக்கிறேன்" என்பார். மாப்பிள்ளை முறுக்கு என்று அவள் மனசுக்குள் திட்டியிருக்கிறாள். ஒரு தடவை வெளிப்படையாகவும் திட்டியிருக்கிறாள்.

*

மூன்றரை மணிக்குத் தம்பி வந்து நின்றான்.

"அக்கா, துரையை ஒரு நடை கூட்டிட்டுப் போயிட்டு வரேன்."

"நாலு மணிக்கு டின்னைத் திறக்கணும்டா. நீ இருக்க வேண்டாமா?"

"என் சீட்டைப் போட்டுட்டேன்க்கா."

"சரி, சீக்கிரம் வா. எல்லாருக்கும் டீ சொல்லியிருக்கேன்."

அவன் இரண்டடி போய்த் திரும்பினான். "அக்கா, இந்த வாரம் நல்லா இருந்துச்சு."

"இனிமே எல்லா வாரமும் அப்படித்தான். போடா."

நாலு மணிக்கு எல்லோரும் கூடினார்கள். பிஸ்கட் டின்னின் மூடியை இன்சூரன்ஸ்காரர் தட்டித் திறந்தார். அக்கா ஒவ்வொரு சீட்டாகப் பிரித்தாள். எல்லாம் அவளே வெட்டிய சீட்டுகள். ஒன்றில் டிக். அடுத்ததிலும் டிக். யாரோ டிக் போட்டுப் பக்கத்தில் ஒரு வாலும் வரைந்திருந்தார். எல்லோரும் சிரித்தார்கள். பத்து தாண்டியது, பதினைந்து தாண்டியது. இன்சூரன்ஸ்காரர் கைதட்டத் தயாராகக் கையைத் தூக்கிக்கொண்டே நின்றார்.

பதினேழாவது சீட்டில் இன்ட்டு.

பெரிய இன்ட்டு. மூலைக்கு மூலை, நிதானமாக, சிவப்புப் பென்சிலில் இழுத்தது.

பதினெட்டாவதில் டிக் இருந்தது. ஆனால் அதை யார் பார்த்தார்கள்?

"யாரு அந்த மகராசன்?" என்றார் இன்சூரன்ஸ்காரர்.

"கேக்கக் கூடாதுன்னு பேசியிருக்கோம்." அக்காவின் குரல் அவளுக்கே அந்நியமாகக் கேட்டது. "திங்கக்கிழமையிலேர்ந்து நாய் வராது. எல்லாருக்கும் நன்றி. டீ ஆறிடும், எடுத்துக்குங்க."

சொல்லிவிட்டுச் சீட்டைக் கைக்குள் கசக்கிக்கொண்டாள். யாரும் கேட்கக் கூடாது. சட்டம் போட்டவளே அவள்தான். ஆனால் அவள் கண் தானாகக் கணவர் மேல் போய் நின்றது. இந்தக் கூடத்தில் சிவப்புப் பென்சில் வைத்திருப்பவர் ஒரே ஒருவர்.

*

கெட்டில் வைத்திருக்கும் சின்ன அறைக்குள் அவரைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினாள்.

"இது என்னங்க?" கசங்கிய சீட்டை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பார்த்தார். "இது நான் போட்டதில்லை."

"சிவப்புப் பென்சில். இங்க வேற யாருகிட்ட இருக்கு சொல்லுங்க?"

"நான் நீலப் பேனாவால போட்டேன். டிக்தான் போட்டேன்."

"பொய் சொல்லாதீங்க! அவன் மறுபடி மனுஷனா நடமாட ஆரம்பிச்சது அஞ்சு நாளாத்தான். அது உங்களுக்குப் பொறுக்கலையா? அவன் வீட்டுக்குள்ள காலை வைக்க மாட்டீங்க. இங்க வந்தும்..."

"பென்சில் காலையிலேர்ந்து என்கிட்ட இல்லை" என்றார் அவர். "உன் தம்பி வாங்கிட்டுப் போனான்."

அவள் சீட்டை மறுபடி பிரித்துப் பார்த்தாள்.

"நாயைக் கூப்பிட வந்தவன் குனிஞ்சு பாத்தான். என் கால் ரெண்டும் நாற்காலிக் கம்பி மேல இருந்துச்சு. ஏன் அத்தான் காலை மேல வச்சிருக்கீங்கன்னு கேட்டான். இடுப்பு வலின்னேன். எப்பலேர்ந்துன்னான். திங்கக்கிழமைலேர்ந்துன்னு வாய் உளறிடுச்சு." அவர் ஈரமில்லாத கையைத் துண்டில் துடைத்துக்கொண்டார். "சிரிச்சான். ஆனா என் கையையே பாத்துட்டு இருந்தான். நடுங்கிட்டு இருந்துச்சு. அப்புறம் அந்தப் பென்சிலைக் குடுங்க அத்தான்னான். வரைபடத்துல ஏதோ குறிக்கப் போறான்னு நெனச்சுக் குடுத்தேன்."

"கை ஏன் நடுங்கணும்?"

அவர் குனிந்து, கால்சட்டையின் வலது காலை முழங்கால் வரைக்கும் சுருட்டினார். கெண்டைக்கால் சதையில் அந்தப் பழைய தழும்பு. கல்யாணமான புதிதில் அவள் கேட்டதும், சைக்கிள் செயினில் மாட்டிக்கொண்டது என்று அவர் சொன்னதும் இந்தத் தழும்பைப் பற்றித்தான்.

"சைக்கிள் இல்லை. ஆறு வயசுல, பக்கத்து வீட்டு நாய். தொப்புளைச் சுத்திப் பதினாலு ஊசி."

"பன்னெண்டு வருஷமா ஏங்க சொல்லலை?"

"நாயைக் கண்டா நடுங்குறேன்னு பொண்டாட்டிகிட்ட எந்த ஆம்பளை சொல்லுவான்?" அவர் சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. "இந்த வாரம் சொல்லியிருப்பேன். எல்லார்கிட்டயும் போய்க் கேட்டியே, என்கிட்டயும் வருவேன்னு பாத்தேன். வந்து பாக்குறேன், மேஜையில பச்சை இருக்கு. அதைத் திருப்பினா உன் தம்பி மறுபடி வீட்டுக்குள்ள போய் உக்காந்துடுவான். நீ அழுவே. அஞ்சு நாள்தானே, காலைத் தூக்கி வச்சுக்கலாம்னு இருந்தேன்."

அக்காவுக்கு அவமானமாக இருந்தது. வேறெந்தச் சொல்லும் அதற்குப் பொருந்தாது. பதினாறு வெளி மனிதர்களின் பயத்துக்கு அட்டை வெட்டினாள், சட்டம் போட்டாள். வீட்டில் ஒரே தட்டில் எடுத்துச் சாப்பிடும் மனிதரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர் வாயைத் திறந்து வேண்டாம் என்று சொல்லவும் இல்லை. அதைத் தம்பி சொல்லியிருக்கிறான், தன்னுடைய சீட்டில், தனக்கு எதிராகவே.

கதவைத் திறந்துகொண்டு கூடத்துக்கு ஓடினாள். தம்பியின் மேஜை துடைத்துவிட்டது போலிருந்தது. படிக்கட்டு வரைபடம் சுருட்டி நூல் கட்டியிருந்தது. பாதிதான் வரைந்திருந்தான். துரையின் பழைய போர்வை நாலாக மடித்து வைத்திருந்தது. அதன் மேல் இழுப்பறைச் சாவி. பக்கத்தில் சிவப்புப் பென்சில், புதிதாகச் சீவி.

தொலைபேசியில் கூப்பிட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

கணவர் தம் மேஜையருகே நின்றிருந்தார். அவர் அட்டையில் சிவப்புப் பக்கம் தெரிந்தது.

"நீங்க திருப்பினீங்களா?"

"இல்லை" என்றார் அவர். "போகும்போது அவன் திருப்பி வச்சிட்டுப் போயிருக்கான்."

*

தம்பியின் வீடு இரண்டு தெரு தள்ளி. ஒரு பெரிய வீட்டின் பின்கட்டில் ஒற்றை அறை. கேட்டைத் தாண்டினால் சின்னச் சிமெண்டுத் தரை, மூன்று படி, அப்புறம் கதவு. அந்தக் கதவு மூடாதபடி உள்பக்கம் ஒரு பெயிண்ட் டின் நிற்கும். மழை அடித்தாலும் எடுக்க மாட்டான். எட்டு மாதமாக அந்த டின் அதே இடத்தில்தான் இருக்கிறது.

அக்கா ஓட்டமும் நடையுமாகப் போனாள். கேட்டருகே வந்ததும் வழக்கம்போலத் தாழ்ப்பாளில் கை வைத்தாள். அவர் அந்தக் கையை எடுத்துவிட்டார்.

"நீ இங்கேயே நில்லு. இன்னிக்கு நான் போறேன்."

"வேண்டாங்க. துரை உள்ளதான் இருக்கும்."

"தெரியும்."

அவர் கேட்டைத் திறந்தார். சிமெண்டுத் தரையில் படுத்திருந்த துரை எழுந்து நின்றது. அவர் அப்படியே நின்றார். சட்டையின் முதுகுப் பக்கம் நனைந்து ஒட்டியிருப்பது அக்காவுக்குத் தெரிந்தது. கூப்பிட்டுவிடலாம் என்று வாயெடுத்தாள். கூப்பிடவில்லை.

படியின் மேலே, கதவருகே தம்பி வந்து நின்றான்.

"உள்ள வராதீங்க அத்தான். துரையை அவிழ்த்து விட்டிருக்கு."

"மாப்ளே, அந்தச் சீட்டு கணக்குல வராது. உன் சீட்டை நீ எனக்காகப் போட்டே. திங்கக்கிழமை நானே போய் என் மேஜையைக் கடைசி மூலைக்கு மாத்திக்கிறேன். ரெண்டு பேரும் இருக்கலாம். ஒரு வார்த்தை என்னைக் கேட்டிருக்கலாமேடா."

"நீங்க என்னைக் கேட்டீங்களா அத்தான்? எனக்காக அஞ்சு நாள் காலைத் தொங்கப்போடாம உக்காந்திருந்தீங்களே, என்னைக் கேட்டா செஞ்சீங்க?"

அவர் ஒரு அடி முன்னால் வைத்தார்.

"அந்த நடுக்கம் எனக்குத் தெரியும் அத்தான்" என்றான் தம்பி. "நாள் பூரா அதோட உக்காந்து வேலை பாக்குறது என்னன்னு எனக்குத் தெரியும். என் பயம் போகணும்னு உங்க பயத்து மேல நாயைப் படுக்க வைக்கிறதா? அது எனக்கு வேண்டாம்."

"அப்ப நீ படி எப்படிடா ஏறுவே?" கேட்டுக்கு வெளியிலிருந்து அக்கா கத்தினாள்.

"துரை இல்லாம ஏறிப் பழகணும்க்கா. அதுக்கு முதல்ல, துரை இல்லாம ஒரு ரூமுல இருந்து பழகணும்."

"ஒரே நாள்லயா? இன்னிக்கேவா? டேய், சொன்னாக் கேளு..."

அவன் கேட்கவில்லை. உள்ளே போனான். பெயிண்ட் டின் தரையில் தேய்ந்து நகரும் சத்தம் கேட்டது. பிறகு கதவு மூடியது. பிறகு தாழ்ப்பாள்.

எட்டு மாதமாக மூடாத கதவு அது. அக்காவுக்கு அந்தச் சத்தம் நெஞ்சுக்குள் விழுந்தது.

துரை ஒரே தாவலில் படி ஏறிக் கதவைப் பிராண்டியது. ஒரு தடவை குரைத்தது. பிராண்டுவதை நிறுத்திவிட்டு மேல்படியில் உட்கார்ந்தது.

"டேய்! கதவைத் திறடா!"

உள்ளே எதுவும் அசையவில்லை.

அவள் கணவர் முதல் படியில் கால் வைத்தார். இரண்டாவது படியில் வைத்தார். அங்கிருந்து கதவைத் தட்டக் கை எட்ட வேண்டுமானால் துரைக்கு மேலே குனிய வேண்டும். குனிந்தார். துரையின் காது அவர் கால்சட்டையில், சரியாக அந்தத் தழும்பு இருக்கும் இடத்தில் உரசியது. தூக்கி வைத்துக்கொள்ள அங்கே நாற்காலிக் கம்பி இல்லை. கால் வைத்த இடத்திலேயே நின்றது. கதவைத் தட்டினார்.

"மாப்ளே, நான்தான். தட்டுறது காதுல விழுதா?"

"என்னங்க, இறங்கி வந்துடுங்க" என்றாள் அக்கா. "கடிச்சிடப் போகுதுங்க. நான் வரேன், நீங்க வந்துடுங்க."

அவர் திரும்பாமலே தலையை ஆட்டினார்.

"அது என்னைப் பாக்கவே இல்லை" என்றார். "கதவைத்தான் பாக்குது."